பக்கவாதம்: விடியும்வரை காத்திருக்காதீர்!

 

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பக்கத்துத் தெரு ஜவுளி வியாபாரியின் மகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஹஜ்ரத், அத்தாவுக்கு வாய் ஒரு பக்கமாக் கோணிப் போச்சு. பேச்சுக் குழறுது. அம்மா உங்களை உடனே வந்து ஓதிப் பார்க்கச் சொன்னாங்க" என்றான்.

விரைந்து சென்றேன். ஐம்பத்திரண்டு வயதான அந்த மனிதர் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். வலக்கை மடியில் உயிரற்றுக் கிடந்தது. மக்ரிபுக்குப் பின் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நழுவி விழுந்ததாம்; அப்போது மணி ஏழு இருக்கும் என்றார் அவருடைய மனைவி. காற்றுப் பட்டிருக்கும் என்றார் ஒருவர். சூடான தைலத்துடன் வந்து நின்றார் மற்றொருவர். நான் ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன். ஒரு மிடறு விழுங்கியவர் புரையேறி நெடுநேரம் இருமினார். "சற்றுத் தூங்கட்டும், காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் இருந்தோம். நாற்பது நிமிடப் பயணந்தான். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" இரவு ஏழு மணி என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ராத்திரியே வந்திருந்தா, கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுக்க முடியுமான்னு பார்த்திருப்போம்" என்று மெதுவாகச் சொன்னார். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இன்று அந்த வியாபாரி கைத்தடியின் துணையுடன் நடக்கிறார். சொல்ல நினைத்த சொல் நாவில் வராமல் கண்ணீர் விடுகிறார். கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் அமர்ந்திருக்கிறான். அவனைக் காணும்போதெல்லாம் அந்த இரவு என் நினைவுக்கு வருகிறது. நான் ஓதியது தவறன்று. ஓதிக்கொண்டே அவரை வண்டியில் ஏற்றாததுதான் தவறு.

நான் மருத்துவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஓர் ஆசிரியன். ஆயினும் நம் ஊர்களில் இந்நோய் வந்தால் மருத்துவருக்கு முன் அழைக்கப்படுபவர்கள் ஹஜ்ரத்தும், வீட்டுப் பெரியவர்களும், பக்கத்து வீட்டாருமே. ஆகவே இதனை அறிந்திருக்க வேண்டிய கடமை நம் அனைவருக்கும் உண்டு. அதன் பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெரிந்து கொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பெயர்களும் உண்மையும்

தமிழில் இதனைப் பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் அழைக்கிறோம். உடம்பில் வாயு தடுமாறியதால் வந்தது என்னும் பழைய கருத்து அப்பெயர்களில் தங்கியிருக்கிறது. அரபியில் உடலின் ஒரு பாதி செயலிழப்பதை ஃபாலிஜ் என்பர். இரண்டாகப் பிளத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. திடீரென உணர்வற்று வீழ்வதை சக்தா என்பர். அதன் வேருக்கு மௌனம் என்பது பொருள். 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, தம் 'அல்கானூன்' என்னும் நூலின் மூன்றாம் பாகத்தில் இவ்விரண்டைப் பற்றியும் எழுதியுள்ளார். இன்றைய அரபு மருத்துவரும் இந்நோயை 'மூளையின் சக்தா' என்றே குறிப்பிடுகின்றனர்.

நோயின் இருப்பிடம் கையோ காலோ அன்று, மூளையின் இரத்தக் குழாய்களே என்பதைப் பிணங்களை அறுத்துப் பார்த்துத் தெளிவாக எழுதியவர் ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் வெப்ஃபர். அவருடைய நூல் 1658இல் வெளிவந்தது. கை விழுந்துவிட்டது என்று கையைத் தேய்ப்பதில் பயனில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. நாமோ இன்னும் தைலக் குப்பியைத் தேடிக் கொண்டிருக்கிறோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தம்

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே எடுத்துக் கொள்கிறது. நாளைக்கென்று சேமித்து வைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. நொடிக்கு நொடி புது இரத்தம் வந்தாக வேண்டும்.

கழுத்தின் முன்பக்கம் இரண்டும், முதுகெலும்பை ஒட்டிப் பின்பக்கம் இரண்டுமாக நான்கு பெருங்குழாய்கள் இந்த இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. மூளையின் அடியில் அவை ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. 1664இல் இதனை விளக்கமாக எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயராலேயே இவ்வளையம் வழங்குகிறது. ஒரு வழி மெல்ல மெல்ல அடைபட்டால் மறு வழியாக ஓரளவு இரத்தம் செல்ல இந்த அமைப்பு உதவுகிறது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்கிறோம். ஆனால் வளையத்திற்கு அப்பால் உள்ள கிளைக் குழாய் ஒன்று திடீரென அடைபட்டால் அதை நம்பியிருந்த பகுதி தத்தளிக்கத் தொடங்கிவிடுகிறது.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்கின்றன. பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் இடப்பாதியே. நம் வியாபாரிக்கு வலக்கையும் பேச்சும் ஒருசேரப் போனதன் காரணம் இதுவே.

அடைப்பு ஒன்று, உடைப்பு ஒன்று

பக்கவாதம் இரு வழிகளில் வருகிறது. முதலாவது அடைப்பு. குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை மூடிவிடலாம். அல்லது இதயத்தில் உருவான இரத்தக் கட்டி ஒன்று ஓட்டத்தில் வந்து மூளைக் குழாயில் சிக்கிக் கொள்ளலாம்.

இரண்டாவது உடைப்பு. பல ஆண்டுகள் கட்டுப்படாத இரத்தக் கொதிப்பினால் நலிந்த மெல்லிய குழாய் வெடித்து, மூளைக்குள்ளேயே இரத்தம் பாய்கிறது. சிலருக்குக் குழாயின் சுவர் ஓரிடத்தில் குமிழ்போல் புடைத்திருந்து, ஒருநாள் உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்தம் பரவுகிறது. வாழ்நாளில் கண்டிராத கடும் தலைவலி இடி இறங்கியதுபோல் ஒரே நொடியில் தாக்குவது இதன் அடையாளம்.

உலக அளவில் 2019இல் ஏறத்தாழ 1 கோடியே 22 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் நூற்றுக்கு 62 அடைப்பினால் வந்தவை. 28 மூளைக்குள் உடைப்பினாலும், 10 உறைக்குள் கசிவினாலும் வந்தவை.

வெளிப்பார்வைக்கு அடைப்பும் உடைப்பும் ஒன்றுபோலவே தோன்றும். நாடி பார்த்தோ முகம் பார்த்தோ பிரித்தறிய இயலாது. சிகிச்சையோ நேர்மாறானது. அடைப்புக்கு இரத்தக் கட்டியைக் கரைக்க வேண்டும். உடைப்புக்கு அதே மருந்து உயிரைப் பறிக்கும். இதனால்தான் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. எனவே ஸ்கேன் வசதியில்லாத இடத்திற்கு முதலில் சென்று காத்திருப்பதும் தாமதமே.

நான்கு அடையாளங்கள்

வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் இவற்றைச் சொல்லி வையுங்கள்.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாயின் ஒரு பக்கம் தொங்குகிறதா?

கை: இரு கைகளையும் முன்னால் நீட்டி உயர்த்தச் சொல்லுங்கள். ஒன்று தானாகத் தாழ்கிறதா?

பேச்சு: ஒரு சிறு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா? பொருளற்று வருகிறதா?

நேரம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக் கொண்டு, 108 எண்ணை அழையுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் புறப்படுங்கள்.

திடீரென நடை தள்ளாடுதல், ஒரு கண்ணிலோ ஒரு பக்கத்திலோ பார்வை மறைதல், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், காரணமின்றி வரும் கடும் தலைவலி ஆகியவையும் இதன் அறிகுறிகளாகலாம். வலி இல்லாமையே இந்நோயின் பெரும் சூழ்ச்சி. நெஞ்சு வலித்தால் அலறி அடித்துக்கொண்டு ஓடுகிறோம். கை மரத்தால், "படுத்த வாக்கில் மரத்திருக்கும்" என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

ஒரு நிமிடத்தின் விலை

பெருங்குழாய் ஒன்று அடைபட்டுக் கிடக்கையில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டார். மடிந்த அணு மீள்வதில்லை. ஆனால் அதனைச் சூழ்ந்து, குறைந்த இரத்தத்தில் உயிரைப் பிடித்துக் கொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டு. அதனைக் காப்பாற்றுவதற்கே இந்த ஓட்டமெல்லாம்.

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தின் பயன் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் மூலம் 1995இல் நிறுவப்பட்டது. மூன்று மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதங்களுக்குப் பின் ஊனமின்றியோ சிறு குறையுடனோ மீளும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாயிருந்தது. அதே ஆய்வில் மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டதும் உண்மை. ஆகவேதான் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்கிறார். 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்தக் கால எல்லையை நான்கரை மணி நேரமாக நீட்டியது.

பெருங்குழாய் அடைப்புகளில், தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, மூளையில் சிக்கிய கட்டியையே வெளியே இழுத்தெடுக்கும் முறையின் பயன் 2015இல் பல ஆய்வுகளால் உறுதியாயிற்று. தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம்வரை இது பயன்படலாம் என்று 2018இல் அறியப்பட்டது. ஆகவே நான்கரை மணி கடந்துவிட்டது என்று எவரும் வீட்டில் இருந்துவிட வேண்டா. அதேபோல், இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆற அமரப் புறப்படவும் வேண்டா.

உறங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், அவர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தையே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

செய்யத் தகாதவை

தண்ணீர், காப்பி, கஞ்சி, கஷாயம், மாத்திரை எதையும் வாயில் புகட்டாதீர்கள். விழுங்கும் தசைகளும் செயலிழந்திருக்கலாம். புகட்டியது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஓதி ஊதிய தண்ணீருக்கும் இது பொருந்தும் என்பதை அன்றிரவு நான் கொடுத்த ஒரு மிடறு எனக்குக் கற்பித்தது.

இதய நோய்க்குக் கொடுப்பதுபோல் ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது உடைப்பாக இருந்தால் அது தீங்காகிவிடும். இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கும் என்று கூடுதல் மாத்திரை கொடுத்து அதனைச் சடுதியில் இறக்கவும் முயலாதீர்கள். நினைவிழந்தோ வாந்தியெடுத்துக் கொண்டோ இருந்தால் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். புறாவின் இரத்தம், தைலம், சூடு என்று பலரும் பலவற்றைச் சொல்வார்கள். அவர்களுடன் வாதாடுவதிலும் நேரம் போகும், புறப்பட்டுவிடுங்கள்.

வந்து மறையும் எச்சரிக்கை

சிலருக்குக் கை தளர்ந்து, நாக்குக் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். "அல்ஹம்துலில்லாஹ், போய்விட்டது" என்று அவரவர் வேலையைப் பார்க்கச் செல்கின்றனர். சிறு கட்டியொன்று சிக்கித் தானே கரைந்ததன் அடையாளம் அது. சிகிச்சையின்றி விட்டால், இத்தகையோருள் பத்தில் ஒருவர் அளவில் மூன்று மாதங்களுக்குள் முழுப் பக்கவாதத்திற்கு ஆளாகின்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் இரண்டு நாள்களுக்குள்ளேயே ஆளாகின்றனர். இறைவன் அளித்த முன்னறிவிப்பு என்று கொண்டு அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இளையோரும் இளந்தாய்மாரும்

இது முதியோர் நோய் மட்டுமன்று. சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்களுக்கு, இருபது முப்பது வயதிலேயே இதயத்திலிருந்து கட்டி புறப்பட்டு மூளையை அடைக்கக் கூடும். இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் தந்த மாத்திரையை அவர்கள் ஒரு நாளும் நிறுத்தலாகாது; உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்து வர வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூளைக்கு வரும் குழாய்களேயன்றி, அங்கிருந்து இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரைகளும் உறைந்து அடைபடுவதுண்டு. பேற்றுக்குப் பிந்தைய வாரங்களில் இது நேர வாய்ப்பு அதிகம். உடலில் நீர் வற்றுவதும் இதற்கொரு காரணம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் ஆகாது" என்று பத்தியத்தின் பெயரால் தாகத்தோடு கிடக்க வைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. மாமியார்களே, பாட்டிமார்களே! அப்பெண்ணுக்கு வேண்டிய அளவு தண்ணீர் கொடுங்கள். நாளுக்கு நாள் கூடும் தலைவலியோ வலிப்போ வந்தால், பேய் பிடித்தது, ஜின் தீண்டியது என்று எங்களைப் போன்றோரைத் தேடி வராதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வருமுன் காத்தல்

32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான பேராய்வு ஒன்று, நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாத அபாயத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்குப் பொறுப்பு என்று கண்டது. அவற்றுள் தலையாயது இரத்தக் கொதிப்பு. புகைபிடித்தல், சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பு, இடுப்புப் பருமன், உடலுழைப்பின்மை, உணவு, மது, மனவுளைச்சல், இதயக் கோளாறு ஆகியவை மற்றவை.

இரத்தக் கொதிப்புக்கு வலியில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். 140க்கு 90 என்னும் அளவோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கான மாத்திரைகள் கிடைக்கின்றன. 2021இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் வீட்டிற்கே கொண்டு வந்தும் தருகின்றனர். அளவு குறைந்ததும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதே நம்மவர் செய்யும் பெரும் பிழை. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு குறைந்திருக்கிறது! நம் வியாபாரியும் ஆறு மாதங்களுக்கு முன்பே மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேருங்கள். பிரியாணியும் நெய்ச்சோறும் விருந்துக்குரியவையாகவே இருக்கட்டும்.

ரமளானில் நோன்பு நோற்க விரும்புவோர், மாதம் பிறக்கும் முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்கலாமா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். நோன்பு கூடாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஏற்றுக் கொள்வதில் வெட்கம் எதற்கு?

வீழ்ந்தவரை எழுப்புதல்

உயிர் பிழைத்தவருக்கு அதன்பின் வேண்டியது பயிற்சியும் பொறுமையும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே கைகால் பயிற்சியைத் தொடங்க வேண்டும்; முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் விரைவாக இருக்கும். புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம்.

பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். பலருக்கு நாம் பேசுவது புரிகிறது, பதில்தான் வருவதில்லை. அவர் முன்னிலையிலேயே "இனி இவர் அவ்வளவுதான்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு கொடிய சொல்! காத்திருந்து கேளுங்கள். அமர்ந்தோ, படுத்தோ, சைகையாலோ அவர் தொழ வழியுண்டு என்பதை நினைவூட்டி, தயம்மும் செய்யவும் உதவுங்கள். தாமும் பயனுள்ளவர்தாம் என்னும் எண்ணம் அவருக்கு வேண்டும். அவரைக் கவனிக்கும் மனைவியோ மகளோ தனியே நின்று தேய்ந்து போகாதவாறு, மற்றவர்கள் முறை வைத்துப் பொறுப்பேற்க வேண்டும்.

அன்பிற்குரியவர்களே! 25 வயதைக் கடந்தோருள் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் பக்கவாதம் வரக் கூடும் என்பது உலகக் கணக்கு. அப்படியாயின் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் ஒருநாள் அந்த இரவு வரலாம்.

இப்போதும் என்னை ஓதிப் பார்க்க அழைக்கின்றனர். சென்றதும் சிரிக்கச் சொல்கிறேன், கைகளை உயர்த்தச் சொல்கிறேன், பேசச் சொல்கிறேன். ஐயம் எழுந்தால், "வண்டியை வரச் சொல்லுங்கள், வழியில் ஓதிக்கொண்டே வருகிறேன்" என்று கூறி உடன் ஏறிக் கொள்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஷிஃபாவைத் தருபவன் அல்லாஹ். நேரத்தோடு கொண்டு போய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு. வஸ்ஸலாம்.